வழிக்குரலும் பாட்டும் ஒரே தலைக்கவசத்தில்: நெடும்பயணத்துக்கு முன் உதவி தேவை

பின்மாலைப் பயணி:

நண்பர்களே, வணக்கம். பதினொரு நாள் பயணத்துக்கு நானும் என் மனைவியும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறோம். டயர், சங்கிலி, பெட்டிகள், மழை உடை எல்லாம் சரி. சரியாகாமல் நிற்பது என் தலைக்கவசத்துக்குள் கேட்கும் ஒலி ஒன்றுதான்.

என்னிடம் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில்பாரில் மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட ஜி.பி.எஸ். கருவி. டேங்க் பையில் கைபேசி, பாட்டெல்லாம் அதில்தான். இருவர் தலைக்கவசத்திலும் ஒரே வகை புளூடூத் இன்டர்காம், அதாவது ஓட்டிக்கொண்டே பேசவும் பாட்டுக் கேட்கவும் உதவும் கருவி. வண்டியின் திரையும் கைபேசியோடு புளூடூத்தில் இணைந்து, அழைப்பவர் பெயரைக் காட்டும். இவை போக, இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவர் காற்றுத் தடுப்புக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரையும் பொருத்தியிருந்தார். மெதுவாகப் போகும்போது கைபேசியிலிருந்து ஒயர் கொடுத்து அதில் பாட்டுக் கேட்பேன்.

முதல் தொல்லை: ஜி.பி.எஸ். கருவி வாய் திறந்தால் பாட்டு அடியோடு நின்றுவிடுகிறது. வழி சொல்லும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சொல்லி முடித்த பிறகும் ஐந்தாறு விநாடி மௌனம். வளைவுகள் நிறைந்த சாலையில் பல்லவி கேட்டால் சரணம் கேட்பதில்லை.

இரண்டாவதுதான் என்னை உண்மையாகவே கவலைப்பட வைத்தது. ஒரு நாள் பாட்டே வேண்டாம் என்று முடிவுசெய்து, கைபேசியின் வரைபடச் செயலியை மட்டும் தமிழ்க் குரலில் ஓடவிட்டுப் போனேன். ‘இடதுபுறம் திரும்பவும்’ என்று அது சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கேட்டது ‘புறம் திரும்பவும்’. எந்தப் புறம்? மலைச்சாலை இரண்டாகப் பிரியும் இடம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். வலப்பக்கம் போய்விட்டேன். 14 கிலோமீட்டர் கழித்துதான் தவறு தெரிந்தது. பெட்டிகள் நிறைந்த வண்டியை, பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு, அந்தக் குறுகிய சரிவில் திருப்பியபோது என் கால்கள் நடுங்கின. தமிழில் திசைச் சொல் முதலில் வருகிறது. என் கருவி விழுங்குவதும் முதல் சொல்லைத்தான்.

மூன்றாவது: ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்கும்போது கைபேசியைச் சார்ஜில் போட்டால் ‘ங்ஙீ’ என்று ஓர் ஓசை. எஞ்சின் வேகம் கூடக்கூட அதன் சுருதியும் ஏறுகிறது.

நான்காவது: 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால், ஒலியை முழுவதும் கூட்டினாலும் பாட்டும் தெளிவில்லை, குரலும் தெளிவில்லை. வீடு திரும்பிய இரவில் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது.

புதிதாகப் பொருள் வாங்கும் எண்ணம் இல்லை. இருப்பதை ஒழுங்காக இணைக்க வழி சொன்னால் போதும்.

---

ஐந்தாம் கியர்:

உங்கள் கருவிகளில் எதுவும் பழுதில்லை நண்பரே. ஒரே காதுக்கு இரண்டு பேர் தனித்தனியாகப் பேச வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதே சிக்கலில் நான் இரண்டு பருவங்கள் கிடந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புளூடூத்தில் ஒலி போவதற்கு இரண்டு பாதைகள் உண்டு. இசைக்கானது ஏ2டிபி. அது ஒரு திசையில் மட்டும் போகும், இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி, நல்ல தரம். தொலைபேசி அழைப்புக்கானது எச்எஃப்பி. அது இரு திசையிலும் போக வேண்டும், மைக்கையும் சுமக்க வேண்டும். ஆகவே ஒற்றை ஒலிதான், ஒலியை அளந்தெடுக்கும் மாதிரிகளும் விநாடிக்கு 8,000 அல்லது 16,000தான். இசைக் குறுந்தகட்டில் இருப்பது 44,100. நீங்கள் சொல்லும் கிணற்றுக் குரல் அங்கேதான் பிறக்கிறது.

அழைப்புப் பாதை திறந்தால் இசைப் பாதையை நிறுத்திவைப்பது இன்டர்காமின் இயல்பு. யாராவது உங்களை அழைத்தால் பாட்டு ஒதுங்க வேண்டுமல்லவா? உங்கள் ஜி.பி.எஸ். கருவி தலைக்கவசத்தோடு இந்த அழைப்புப் பாதையில்தான் இணைந்திருக்கிறது. அது வழி சொல்லும் ஒவ்வொரு முறையும் இன்டர்காமுக்கு ஒரு குட்டி அழைப்பு வந்து முடிகிறது. அழைப்பு முடிந்து, பாதை மாறி, கைபேசி மறுபடி பாட்டைத் தொடங்க அந்த ஐந்தாறு விநாடி. சில புதிய இன்டர்காம்களில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கவைக்கும் வசதி இருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் அதன் அமைப்புச் செயலியில் தென்படும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள். ஆனாலும் நான் அதை நம்பி இறங்க மாட்டேன்.

நான் நம்புவது ஒன்றைத்தான்: குரலும் பாட்டும் தலைக்கவசத்துக்கு வந்த பிறகு கலக்கக் கூடாது, புறப்படும் இடத்திலேயே கலந்து ஒரே ஓடையாக வர வேண்டும். வழி சொல்லும் கருவியே பாட்டையும் அனுப்பினால், சொல்லும் நேரத்தில் அது தானாகவே பாட்டைத் தாழ்த்தி, சொல்லி முடித்ததும் பழையபடி உயர்த்திவிடும். இன்டர்காமுக்கு அது ஓர் ஒற்றை இசை ஓட்டம். பாதை மாற்றமே நடக்காது.

உங்கள் நிலையில் நான் இப்படிச் செய்வேன். பாட்டு, குரல் இரண்டும் கைபேசியிலிருந்து நேரே தலைக்கவசத்துக்கு. ஜி.பி.எஸ். கருவியின் குரலை அணைத்துவிட்டு, அதைக் கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தோடு அதற்கிருக்கும் இணைப்பை அழித்துவிடுங்கள். மறதியாக விட்டுவிட்டால் ஏதாவதொரு காலை அது முந்திக்கொண்டு இணைந்துவிடும். கைபேசி, கருவி இரண்டிலும் ஒரே பயண வழி ஓட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். பயண வழியைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைப் பகிரும்போது ‘ரூட்’ என்று அனுப்பினால் ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி இடையில் வழி கணக்கிடும். ‘டிராக்’ என்று அனுப்பினால் வரைந்த கோடு அப்படியே நிற்கும். கண்ணுக்கு ஒரு வழி, காதுக்கு வேறொரு வழி என்று ஆனால் நீங்கள் வந்த 14 கிலோமீட்டர் மறுபடி வரும்.

இன்னொரு வழியும் உண்டு. கைபேசியை ஜி.பி.எஸ். கருவியோடு இணைத்து, கருவியை மட்டும் தலைக்கவசத்தோடு இணைப்பது. மோட்டார் சைக்கிளுக்கான கருவிகள் பலவற்றால் கைபேசியின் பாட்டை வாங்கித் தங்கள் குரலோடு சேர்த்து அனுப்ப முடியும். கலக்கும் இடம் அப்போதும் ஒன்றுதான், அதனால் இதுவும் சரியே. குறை என்னவென்றால் சங்கிலியில் ஒரு கண்ணி கூடுதல். கருவி உறைந்துபோனால் பாட்டு, குரல், அழைப்பு மூன்றும் சேர்ந்து போகும்.

வண்டியிலேயே முழு வசதி இருப்பவர்களுக்காக ஒரு சொல். ஐபோனின் வரைபடத்தையும் பாட்டையும் வண்டித் திரையிலேயே காட்டும் ஆப்பிள் கார்பிளேயுடன் வந்த முதல் மோட்டார் சைக்கிள் 2018 மாடல் ஹோண்டா கோல்ட்விங். அதில் தலைக்கவச ஒலிக்கருவியை வண்டியோடு இணைத்தால்தான் கார்பிளே திரையே வரும். அப்படிப்பட்ட வண்டிகளில் கைபேசியைத் தலைக்கவசத்தோடு நேரே இணைக்கக் கூடாது. அங்கே கலக்கும் இடம் வண்டி. உங்கள் வண்டியின் திரை அழைப்பவர் பெயரை மட்டும் காட்டுகிறது என்கிறீர்கள். அது ஆபத்தில்லாததாகத் தெரியும், ஆனால் பல நேரம் கைபேசியின் ஒலிப் பாதையை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் புளூடூத் பட்டியலில் ஒவ்வொரு கருவியின் பெயருக்குள்ளும் போய்ப் பாருங்கள். ‘தொலைபேசி அழைப்புகள்’, ‘மீடியா ஆடியோ’ என்று தனித்தனித் தேர்வுகள் இருக்கும். வண்டித் திரைக்கும் கைக்கடிகாரத்துக்கும் மீடியாவை அணைத்துவிடுங்கள். தலைக்கவசத்துக்கு இரண்டையும் திறந்துவையுங்கள்.

இணைப்பதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். கைபேசியில், கருவியில், வண்டியில், இன்டர்காமில், நான்கிலும் பழைய இணைப்புகளை அழித்து, இன்டர்காமைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முதலில் கைபேசி, அடுத்து மனைவியின் இன்டர்காம், கடைசியாக வண்டித் திரை. பாதியில் பொறுமை இழந்து பழைய இணைப்பொன்றை விட்டுவைத்தவர்கள்தான் மறுபடி மறுபடி இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

இப்போது விழுங்கப்பட்ட ‘இடது’. ஒலி எதுவும் ஓடாதபோது புளூடூத் இணைப்பு உறங்கிவிடுகிறது. குரல் வந்ததும் விழித்து, பாதையைத் திறந்து, ஸ்பீக்கரை எழுப்புவதற்குள் முக்கால் விநாடியோ ஒரு விநாடியோ கழிந்துவிடும். செயலி இதற்காகக் காத்திருப்பதில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பாதை ஏற்கெனவே திறந்திருக்கும், முதல் சொல் தப்பிவிடும். நீங்கள் பாட்டை நிறுத்திய அன்றுதான் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். பாட்டு வேண்டாத நேரத்தில் ஓசையே இல்லாத ஓர் ஒலிக்கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பத்து நிமிட மௌனத்தை நானே பதிவுசெய்து வைத்திருக்கிறேன். அதைவிடப் பயனுள்ள கோப்பு என் கைபேசியில் இல்லை. வரைபடச் செயலியின் குரல் அமைப்புகளையும் பாருங்கள். குரலை அழைப்புபோல் அனுப்பும் தேர்வு சில செயலிகளில் இருக்கும். அது திறந்திருந்தால் பழைய கதை கைபேசிக்குள்ளேயே மறுபடி தொடங்கும். அதை மூடிவிட்டு, புளூடூத் வழியாகக் குரல் வரும் தேர்வை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி டேங்க் பையிலேயே இருக்கட்டும் என்பது என் அழுத்தமான கருத்து. ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டி, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, சார்ஜும் ஏற்றினால் எந்தக் கைபேசியும் சூடேறி, திரையை மங்கச் செய்து, சார்ஜை நிறுத்தி, கடைசியில் தானே அணைந்துவிடும். அதிர்வு வேறு. ஆற்றல் மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் பட நிலைப்படுத்தியையும் குவியத்தையும் பாதிக்கலாம் என்று 2021இல் அந்த நிறுவனமே அறிவித்தது. பையில் வைத்தால் இரண்டும் குறையும். மழையில் துளிகளே திரையைத் தொட்டு வழியை மாற்றிவிடும் தொல்லையும் இல்லை. பை முழுக்க மூடியிருந்தால் அதற்குள்ளும் சூடு தங்கும், அதனால் சற்றுக் காற்று புக இடம் விடுங்கள். போகும் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வழி தவறினால் புதிய வழி கணக்கிட அது ஒன்றுதான் துணை.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒலி அளவையும் பாட்டின் வரிசையையும் புறப்படும் முன்பே முடிவுசெய்துவிடுங்கள். ஒரு முறை ஈரமான சாலையில், குரல் கேட்கவில்லையே என்று இடது கையை எடுத்துக் கவசத்தின் பொத்தானைத் தேடினேன். கண் சாலையில்தான் இருந்தது, மனம் விரல் நுனியில் இருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. முன் சக்கரம் வழுக்கி, அதுவாகவே மறுபடி பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஓடும் வண்டியில் நான் பொத்தானைத் தேடுவதில்லை.

---

செம்புக்கம்பி:

ஒலி இணைப்பைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். பல ஆண்டுகளாக வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறேன்.

எஞ்சினோடு சேர்ந்து சுருதி ஏறும் அந்த ஓசை, எஞ்சின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. அது உள்ளே புகும் வாசல் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் இணைப்பு. உங்கள் சார்ஜரின் எர்த் ஒயர் ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் இன்னோரிடத்திலும் வண்டிச் சட்டத்தில் இணைந்திருக்கும். இரண்டு இடங்களுக்கும் நடுவே மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு எப்போதும் உண்டு. கைபேசி சார்ஜரிலும் இருக்கிறது, ஒலி ஒயர் வழியே ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது. ஆக ஒரு வளையம் பூர்த்தியாகிறது. அந்த வேறுபாடு ஒலி ஒயரின் எர்த் வழியே ஓடி ஆம்ப்ளிஃபயருக்குள் போய்ப் பெருகுகிறது. சோதிக்கச் சுலபமான வழி, எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜரைப் பிடுங்குவது. ஓசை உடனே நின்றால் நான் சொன்னதுதான் காரணம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது.

தீர்வு: இரண்டு எர்த் ஒயர்களையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரியின் எதிர்முனைக்கே கொண்டுபோனால் இன்னும் நல்லது. சட்டத்தின் வர்ணத்துக்கு மேல் போல்ட் வைத்து முறுக்கியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. சுரண்டிவிட்டு முறுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஓசை மிச்சமிருந்தால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியை ஒலி ஒயரின் நடுவில் போடலாம். உள்ளே இருப்பது சிறிய டிரான்ஸ்ஃபார்மர். ஒலியைக் கடத்திவிட்டு எர்த் இணைப்பை அறுத்துவிடும். அடித்தொனி சற்றுக் குறையும். அதனால்தான் அதைக் கடைசியில் சொல்கிறேன். புளூடூத் தலைக்கவசத்தில் இந்த ஓசை வராது, நடுவில் ஒயரே இல்லை என்பதால்.

இந்த இடத்தில் கை வைக்கும்போதே பழைய ஒயரிங்கையும் பார்த்துவிடுங்கள். முன்பு வண்டி வைத்திருந்தவர் செய்த வேலை என்றீர்கள், எனக்கு அது கவலையாக இருக்கிறது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து கிளம்பும் ஒயரில் முதல் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கிறதா? ஃபியூஸ் கருவியின் அருகில் இருந்து பயனில்லை. அது காப்பது ஒயரை. நடுவழியில் ஒயரின் தோல் தேய்ந்து சட்டத்தைத் தொட்டால், ஃபியூஸ் அதற்கு முன்னால் இருக்க வேண்டும். டேங்குக்கு அடியில் ஒயர் உருகிப்போன வண்டியை நான் கையால் பிரித்திருக்கிறேன்.

அடுத்தது ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் எடுத்தால் சாவியை எடுத்த பிறகும் சார்ஜர் குடித்துக்கொண்டே இருக்கும். சாவி வழியாகவே எடுத்தால் அந்த மெல்லிய ஒயர் தாங்காது. நான்கு கால் ரிலே ஒன்று போதும், கால்களின் எண்கள் அதிலேயே இருக்கும். 30ஆம் காலுக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87ஆம் காலிலிருந்து கருவிகளுக்கு, 86க்குப் பின்விளக்கு ஒயரிலிருந்து ஒரு சிறு கிளை, 85 எர்த். சாவி போட்டால் மட்டும் எல்லாம் உயிர் பெறும். கணக்கும் எளிது. 30 வாட் சார்ஜர் 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர், இழப்போடு சேர்த்து மூன்று. ஜி.பி.எஸ். கருவிக்கு ஓர் ஆம்பியர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரும் ஏழரை ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி ஃபியூஸ் கொடுங்கள்.

சார்ஜரை ஜி.பி.எஸ். கருவியின் பின்புறத்தில் ஒட்டாதீர்கள். மலிவான சார்ஜர்கள் ரேடியோ இரைச்சலைக் கக்கும். செயற்கைக்கோள்களிலிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் தரைக்கு வந்துசேரும்போது அவ்வளவு மெலிந்திருக்கும், பக்கத்தில் ஒரு சிறு இரைச்சல் இருந்தாலே அதில் மூழ்கிவிடும்.

கடைசியாக, வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். எந்த ஒயரும் இழுபடக் கூடாது, எஞ்சின் வேகமும் மாறக் கூடாது. மாறினால் ஏதோ ஓர் ஒயர் ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தள்ளுகிறது.

---

எதிர்காற்று:

நான்காவது தொல்லையை யாரும் தொடவில்லை. எனக்கு இந்தத் திரியிலேயே பெரியதாகப் படுவது அதுதான். என் இடது காதில் இப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கிறது, தூங்கும்போதும் நிற்பதில்லை. பத்தாண்டுகள் காதடைப்பான் இல்லாமல் வண்டி ஓட்டியதற்கு நான் கொடுத்த விலை. உங்களுக்கு அது இரவில் மட்டும் வந்து போகிறது என்றால், இன்னும் காலம் இருக்கிறது.

சுமார் 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எஞ்சின் ஓசையைக் காற்றின் ஓசை மிஞ்சிவிடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் 100 டெசிபல் அளவுக்குச் சர்வசாதாரணமாகப் போகும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். எண்ணிப் பாருங்கள்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. நீங்கள் ஓட்டப்போவது நாளுக்கு ஆறேழு மணி நேரம். அதற்கு மேல் பாட்டைக் கேட்கவைக்க ஒலியைக் கூட்டினால், காற்றைவிடச் சத்தமாக ஸ்பீக்கர் உங்கள் காதுக்குள் கத்துகிறது.

காதடைப்பான் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்பதா என்று எனக்கும் விந்தையாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்த பிறகு புரிந்தது. அடைப்பான் காற்றையும் பாட்டையும் சேர்த்தே தாழ்த்துகிறது. ஆனால் இரைச்சலில் மரத்துப்போயிருந்த காது இப்போது விழித்திருக்கிறது. அதே குரல், எழுத்தெழுத்தாகக் கேட்கிறது. மென்மையான நுரை அடைப்பானை விரல்களுக்கிடையே மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. அடைப்பான் உயர்ந்த சுருதிகளை அதிகமாக வெட்டும் என்பதால் கைபேசியில் சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அடித்தொனியைக் குறைத்து, நடுவிலிருந்து மேற்பகுதியைச் சற்று ஏற்றுங்கள். பேச்சின் மெய்யெழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. ஹாரனும் ஆம்புலன்ஸும் எனக்கு நன்றாகவே கேட்கின்றன. காதடைப்பான் குறித்து நீங்கள் போகும் பகுதியின் சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் இருக்கும் இடம் பாதி வேலை. வண்டியை நிறுத்திவிட்டு, கவசத்தை மாட்டி, பாட்டை ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கவசத்தின் பக்கங்களை உள்நோக்கி அழுத்துங்கள். ஒலி சட்டென்று பெருகினால் ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளி இருக்கிறது. பின்னால் ஒரு மெல்லிய துணித் திண்டு வைத்து முன்னே கொண்டுவாருங்கள். மேலோ கீழோ விலகியிருக்கிறதா என்று அறிய, காதுத் துவாரத்துக்கு நேரே உட்புறத் துணியில் ஒரு குறி வைத்துப் பாருங்கள். எனக்கு ஒரு விரல் அகலம் முன்னால் இருந்தது. இடம் போதவில்லையென்று கவசத்தின் கெட்டி நுரையை ஒருபோதும் குடையாதீர்கள். விழும்போது தலையைக் காப்பது அந்த நுரை.

உங்கள் மனைவிக்கும் இதே அடைப்பான் வேண்டும். பின்னிருக்கையில் காற்று பெரும்பாலும் இன்னும் கலைந்து அடிக்கும்.

---

பின்மாலைப் பயணி:

மூவருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் முழுவதையும் பிரித்துச் சேர்த்தேன். செய்ததைச் சொல்கிறேன்.

பழைய இணைப்புகளை நான்கிலும் அழித்தேன். இன்டர்காமில் நான் விற்றுவிட்ட கைபேசியின் பெயர்கூட இருந்தது. ஐந்தாம் கியர் சொன்ன வரிசையில் இணைத்து, ஜி.பி.எஸ். கருவியின் குரலை அணைத்தேன். இன்று 210 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். குரல் வரும்போது பாட்டு பணிந்து, பிறகு எழுகிறது. இடையில் ஒரு விநாடிகூட மௌனம் இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு மௌனக் கோப்பை ஓடவிட்டேன். ‘இடதுபுறம்’ முழுதாகக் கேட்டது. அந்தச் சொல்லை இவ்வளவு ஆவலோடு நான் காத்திருந்து கேட்டதில்லை.

ஃபியூஸ் விஷயத்தில் செம்புக்கம்பி சந்தேகித்தது சரி. ஆம்ப்ளிஃபயரின் நேர்முனை ஒயரில் ஃபியூஸே இல்லை. டேங்க் அடியில் ஒரு கிளிப்பின் விளிம்பில் ஒயரின் தோல் பாதி தேய்ந்திருந்தது. புதிய ஒயர் போட்டு, எர்த் இரண்டையும் பேட்டரிக்குக் கொண்டுபோனேன். ஓசை போய்விட்டது.

என் ஸ்பீக்கர் இரண்டு விரல் அகலம் கீழே இருந்தது. அடைப்பானும் போட்ட பிறகு ஒலியைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துக் கேட்டேன்.

மிச்சம் ஒரு கேள்வி. நான் கேட்கும் பாட்டை மனைவியும் கேட்க விரும்புகிறாள். இன்டர்காமின் இசைப் பகிர்வைத் திறந்தால் பாட்டு இருவருக்கும் மங்கலாகிறது, நாங்கள் பேசவும் முடிவதில்லை. வேறு வழி உண்டா?

---

ஐந்தாம் கியர்:

தேய்ந்த அந்த ஒயரைப் படித்ததும் மனம் பதைத்தது. சரியான நேரத்தில் பார்த்தீர்கள்.

இசைப் பகிர்வில் உங்கள் கவசம் கைபேசியிலிருந்து வாங்கி அவருடையதற்குத் திரும்ப அனுப்ப வேண்டும். ஒரே சிறு வானொலி இரண்டு வேலை செய்வதால் தரம் இறங்குகிறது. பல கருவிகளில் பகிரும்போது பேச்சும் மூடிவிடும். அவருடைய கைபேசியிலேயே அதே பாட்டுப் பட்டியலைப் பதிவிறக்கி, அவர் கவசத்தோடு தனியாக இணைத்துவிடுங்கள். புறப்படும்போது இருவரும் சேர்ந்து தொடங்கினால் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடும். இன்டர்காம் பேச்சுக்கு மட்டும். வழிக்குரல் உங்கள் காதில் மட்டும் விழும். அவருக்கு அது தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

---

பின்மாலைப் பயணி:

கேட்டேன். தேவை என்கிறாள். ‘இடது’ என்று நானே சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், அவள் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் திரும்ப வேண்டுமாம். இன்று மாலை அப்படியே ஓட்டிப் பார்த்தோம். பதினேழு திருப்பங்கள், ஒன்றும் தவறவில்லை. வியாழக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம்.